தேருக்கு முன்னால் நின்றவர்கள்

1990களின் நடுப்பகுதியில் பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் நான் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். பதுளையிலிருந்து காலை பஸ்ஸில் போய்ச் சந்தியில் இறங்கி, தேயிலை மலைக்குள்ளால் இரண்டு மைல் நடக்க வேண்டும். ஒருநாள் ஆண்டு ஒன்பதுக்கு மகா அலெக்சாந்தரின் கதை சொல்ல நேர்ந்தது. அந்த வாரம்தான் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தேர்த்திருவிழா முடிந்திருந்தது. பிள்ளைகளுக்குத் தேர் என்றால் அதுதான்: மின்குமிழ்ச் சோடனையோடும் மேளதாளத்தோடும் லயத்துக்கு லயம் நின்று நின்று நகர்வது, குறுக்கே ஒரு குழந்தை ஓடினாலும் வடம் பிடித்தவர்கள் நிறுத்திவிடக்கூடியது. பாரசீக மன்னன் டேரியஸ் இருநூறு தேர்களோடு வந்தான், அவற்றின் சக்கர அச்சுகளில் அரிவாள்கள் பூட்டப்பட்டிருந்தன என்று நான் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது.

"கவ்வாத்துக் கத்தி மாதிரியா சேர்?" என்றான் ஒருவன்.

ஏறத்தாழ அப்படித்தான், ஆனால் அதைவிட நீளம் என்றேன். முன்வாங்கில் இருந்த பிள்ளையொருத்தி எழும்பி, "அந்தத் தேருக்கு முன்னால நின்னவங்க என்ன செஞ்சாங்க சேர்?" என்று கேட்டாள்.

"என்ன செய்வது? அறுபட்டுச் செத்தார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டேன்.

அந்தப் பதில் பிழை. பிழையென்று எனக்குத் தெரியவர ஏழெட்டு ஆண்டுகள் எடுத்தன. அதற்கிடையில் எத்தனை வகுப்புகளுக்கு அதையே சொல்லியிருப்பேனோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். மருதானையில் பழைய புத்தகக் கடையொன்றில் செனபோனும் அர்ரியனும் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைத்த பின்னர்தான், அந்தத் தேர்களுக்கு முன்னால் நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அன்றைய ஆசிரியர்கள் விலாவாரியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள் என்று கண்டேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்ட பதில் இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரிவாள் தேரை முதலில் செய்வித்தவன் பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸ் என்கிறார் செனபோன். அவர் எழுதிய சைரஸின் சரிதை பாதி வரலாறு, பாதி கற்பனை. ஆகவே அந்தப் பெருமையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் தேரின் அமைப்பைப் பற்றி அவர் சொல்வதை நம்பலாம். கி.மு. 401இல் பாபிலோனுக்கு வடக்கே குனாக்ஸா என்ற இடத்தில் கிரேக்கக் கூலிப்படையோடு நின்று அவற்றைக் கண்ணால் கண்டவர் அவர். அச்சின் இரு முனைகளிலும் பக்கவாட்டில் நீளும் அரிவாள்கள். சரிதையில் அவற்றின் நீளத்தை இரண்டு முழம் என்கிறார். தேர்த்தட்டின் அடியிலும் நிலத்தை நோக்கியபடி இன்னும் சில. பக்கத்தில் நிற்பவனை மேலுள்ளது அறுக்கும், விழுந்தவனைக் கீழுள்ளது அறுக்கும்.

பழைய போர்த்தேர் வில்லாளியைச் சுமந்து செல்லும் வாகனம். இது அப்படியல்ல, இங்கே தேரே ஆயுதம். கேடயத்தோடு கேடயம் ஒட்டி, ஈட்டிகளை நீட்டிக்கொண்டு மதில்போல் நிற்கும் காலாட்படையைக் குதிரைப்படையால் இலகுவில் உடைக்க முடியாது. குதிரை புத்தியுள்ள பிராணி, ஈட்டிமுனையில் தானாகப் போய் ஏறாது. ஆகவே மதிலில் முதலில் ஓர் ஓட்டை வேண்டும். அந்த ஓட்டையைப் போடத்தான் அரிவாள் தேர். அது ஒருவரைக்கூடக் கொல்லாவிட்டாலும் பாதகமில்லை. வரிசையைக் கலைத்துவிட்டால் பின்னால் வரும் குதிரைவீரர் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை அது நினைத்தபடியே வேலை செய்தது. கி.மு. 395இல், இன்றைய துருக்கியின் வடமேற்கில் தஸ்கிலியோன் பக்கத்தில், கிரேக்கச் சிப்பாய்கள் எழுநூறு பேரளவில் உணவு திரட்டுவதற்காகக் கவலையீனமாகப் பரந்து திரிந்தார்கள். பாரசீக ஆளுநன் பர்னபாஸஸ் இரண்டே இரண்டு அரிவாள் தேர்களோடும் நானூறு குதிரைவீரரோடும் அவர்கள்மேல் வந்தான். கண்டதும் கிரேக்கர் ஓடிவந்து ஒன்றாகத் திரண்டார்கள். திரண்டதுதான் வினையாயிற்று. இரண்டு தேரும் அந்தத் திரளுக்குள் பாய்ந்து சிதறடிக்க, பின்னால் வந்தவர்கள் நூறு பேரளவில் வெட்டி வீழ்த்தினார்கள். பயந்த மனிதன் பக்கத்திலிருப்பவனோடு ஒட்டிக்கொள்கிறான். அரிவாள் தேருக்கு வேண்டியதும் அதுதான்.

குனாக்ஸாவில் நடந்ததோ வேறு. பாரசீகத் தேர்கள் பாகனில்லாமலே ஓடின. சில திரும்பித் தம் படைக்குள்ளேயே புகுந்தன. கிரேக்கர் பக்கம் வந்தவற்றுக்கு வரிசை விலகி வழிவிட்டது. குதிரைப் பந்தயத் திடலில் அகப்பட்டவன்போல் திகைத்து நின்ற ஒரேயொருவன் மட்டும் மாட்டிக்கொண்டான், அவனுக்கும் ஒன்றும் நடக்கவில்லையென்று சொல்லப்பட்டதாக செனபோன் எழுதுகிறார். பாகன்கள் மோதலுக்கு முன்பே குதித்துவிடுகிறார்கள் என்ற குறைப்பாட்டையும் அவரே வேறோரிடத்தில் பதிந்திருக்கிறார். நான்கு குதிரைகளை ஈட்டிமதிலை நோக்கி ஓட்டிச் செல்பவனும் ஒரு மனிதன்தானே!

டேரியஸின் தேர்களுக்கு வருவோம். கி.மு. 331 ஒக்டோபர் முதலாம் திகதி, மோசுல் நகருக்கு அப்பாலுள்ள கௌகமேலாச் சமவெளி. தேர் தடையின்றி ஓடவேண்டுமென்று டேரியஸ் முன்கூட்டியே நிலத்தைச் செப்பனிட்டு மட்டப்படுத்தி வைத்திருந்தான். ஒரு பேரரசன் தன் ஆயுதத்துக்காகப் பூமியையே திருத்துகிறான்! அலெக்சாந்தர் திருத்தியதோ ஆட்களை. அக்ரியானியர் எனப்படும் மலைநாட்டுக் குத்தீட்டிக்காரரையும் பலாக்ரஸ் என்பவனின் கீழிருந்த எறிவீரரையும் முன்னால் நிறுத்தினான். தேர்கள் கிட்டியதும் அவர்கள் ஈட்டி எறிந்தார்கள். கடிவாளங்களை எட்டிப் பிடித்துப் பாகன்களை இழுத்து விழுத்தினார்கள். குதிரைகளைச் சூழ்ந்துகொண்டு குத்தினார்கள். அதையும் தப்பி வந்த தேர்களுக்கு முன்னால், முற்கூட்டியே சொல்லிவைத்திருந்தபடி, பின்னால் நின்ற காலாட்படை இரண்டாகப் பிரிந்து பாதை திறந்தது. தேர்கள் அந்தப் பாதையால் ஓடிப் பின்புறம் போய்ச்சேர்ந்தன. அங்கே அவற்றைப் பிடித்தவர்களில் அலெக்சாந்தரின் படையிலிருந்த குதிரைக்காரர்களும் அடங்குவர் என்று அர்ரியன் எழுதுகிறார். குதிரை தேய்ப்பவர்கள், புல் போடுபவர்கள்!

எல்லோரும் தப்பினார்கள் என்றில்லை. தியோதோரஸ் எழுதியதைப் படித்தால் அரிவாளின் கோரமும் தெரியும். கேடயத்தோடு சேர்ந்து அறுந்து விழுந்த கைகளை அவர் சொல்கிறார். அதே தியோதோரஸ்தான் கேடயத்தில் ஈட்டியைத் தட்டி எழுப்பிய பேரொலியில் குதிரைகள் மிரண்டு திரும்பியதையும் சொல்கிறார். ஆக, அந்தப் பிள்ளையின் கேள்விக்குச் சரியான பதில்: முன்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள், கடிவாளத்தைப் பிடித்தார்கள், வழிவிட்டார்கள், சிலர் செத்தார்கள்.

பிற்காலத்தில் இந்தத் தேர் பெரும்பாலும் தன் சொந்தக்காரனுக்கே வினையாயிற்று. கி.மு. 190 அளவில் மக்னீஸியாவில் அந்தியோக்கஸின் தேர்கள் அம்புக்கும் கவண்கல்லுக்கும் மிரண்டு சொந்தப் படையையே குலைத்தன. கி.மு. 86இல் கைரோனியாவில் ஓடி வேகம் எடுக்கத் தூரம் போதாமல் தேர்கள் தள்ளாடி வர, உரோமச் சிப்பாய்கள் கைதட்டிச் சிரித்து இன்னும் அனுப்பச் சொன்னார்களாம். சீசர் வென்ற ஸேலாப் போரோடு, கி.மு. 47இல், அது போர்க்களத்திலிருந்து ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

நமது பக்கத்தில் இப்படியொன்று இருந்ததா என்று கேட்டால், மகத மன்னன் அஜாதசத்துருவைச் சொல்வார்கள். வைசாலி லிச்சவிகளோடு அவன் செய்த யுத்தத்தைப் பற்றிச் சமணரின் பகவதி சூத்திரம் இரண்டு பெயர்களைச் சொல்கிறது: மகாசிலாகண்டகம், ரதமுசலம். முதலாவதில் புல்லோ சருகோ பட்டாலும் பாறை விழுந்தாற்போல் இருந்ததாம். இரண்டாவது, குதிரையில்லாமல், பாகனில்லாமல், வீரனுமில்லாமல் களமெங்கும் ஓடிக் கொன்ற தேர். இக்கால நூல்கள் பலவற்றில் இது 'அரிவாள் தேர்' என்றே எழுதப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முசலம் என்றால் உலக்கை. லயத்துக் கோடியில் உரலுக்குப் பக்கத்தில் சாத்தியிருக்குமே, அதே உலக்கை. சூத்திரத்திலே அரிவாளைத் தேடிப் பயனில்லை. தானாகச் சுழன்று மனிதரை நெல்லைப்போல் குற்றும் ஒரு பொறியைத்தான் அந்த ஆசிரியர் மனத்தில் கண்டிருக்கிறார். இறந்தோர் தொகையை அவர் இலட்சக்கணக்கில் சொல்வதை வரலாற்றுக் கணக்காக எடுக்கவியலாது. பயத்தின் கணக்காக எடுக்கலாம்.

பௌத்தர் அதே போரைச் சொல்லும் விதம் வேறு. அவர்களுடைய உரைமரபில் வைசாலியை வீழ்த்தியது தேருமல்ல, உலக்கையுமல்ல. வஸ்ஸகாரன் என்ற அமைச்சன் அரசனோடு பகைத்தவன்போல் நடித்து லிச்சவிகளிடம் போய்ச் சேர்ந்து, மூன்றாண்டுகள் ஒருவன் காதில் ஒன்றும் மற்றவன் காதில் இன்னொன்றும் ஓதி அவர்களைப் பிரித்துவைத்தான். எச்சரிக்கை முரசு கொட்டியபோது ஒருவரும் கூடவில்லை. திறந்து கிடந்த வாயிலால் அஜாதசத்துரு உள்ளே போனான். இரண்டு கதையில் எது உண்மைக்குக் கிட்ட இருக்கிறது என்று கேட்டால் நான் வஸ்ஸகாரனின் பக்கம்தான் கைகாட்டுவேன். கௌகமேலாவில் சொல்லிவைத்துப் பிரிந்த வரிசை மறுபடி கூடியது. வைசாலியில் பிரிந்தது கூடவேயில்லை.

பஞ்சாபிலும் ஒன்று நடந்தது. கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரையில் போரஸின் தேர்ப்படை அலெக்சாந்தரை எதிர்கொண்டது. இவை அரிவாள் பூட்டியவையல்ல, ஆள் ஏறிப் போரிடும் பாரத் தேர்கள். முந்திய இரவு அடித்த மழையில் நிலம் சேறாகி, சக்கரம் புதைந்து, அப்படியே நின்றுவிட்டன. மழையை மறந்துவிடாதீர்கள், ஊவாவில் அது மறுபடி வரும்.

நமது வாசகர்கள் பலருக்கு இவ்விடத்தில் யானை ஞாபகம் வந்திருக்கும். தேர் போன இடத்துக்கு யானை வந்தது என்பது ஓரளவுக்குச் சரி. வரிசையை உடைப்பதற்கென்றே அதுவும் கொண்டுவரப்பட்டது. சதுரங்கப் பலகையில் அரபிகள் ஃபீல், ருக், ஃபரஸ், பைதக் என்று நாற்படைக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ருக் பாரசீக வழியில் தேர். பைதக் நடந்து போகிறவன். ஆப்ரஹாவின் யானைப்படைக் கதையை மத்ரஸாவில் ஓதாத பிள்ளை நம்மில் இல்லை. ஆனால் ஹிஜ்ரி 13இல், கி.பி. 634இல், யூப்ரடீஸ் கரையில் நடந்த ஜிஸ்ர் போரை நம் மேடைகளில் அதிகம் கேட்க முடியாது. அது தோல்வி. பாலத்தைக் கடந்துபோன அபூஉபைத் அஸ்ஸகஃபீ (ரஹ்) பாரசீகரின் யானையைத் தாமே தாக்கப்போய் அதன் காலடியில் மாண்டார்கள். யானையைக் கண்டறியாத அரபுக் குதிரைகள் முன்னேற மறுத்தன. இனி யாரும் பின்வாங்கக்கூடாதென்று ஒருவர் பாலத்தையே அறுத்துவிட்டார். ஆற்றில் மூழ்கியோர் பலர். அல்முஸன்னா (ரஹ்) பாலத்தைத் திருத்தி, எஞ்சியோரைக் கடத்தி மீட்டார்கள். வீரத்துக்குக் குறைவில்லாத ஒரு படை, விலக வழியை மூடிக்கொண்டதனால் அழிந்தது. தோற்ற போர் என்பதற்காக இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்கு இரண்டாண்டு கழித்துக் காதிஸிய்யா. தபரீயின் வரலாற்றில் யானைகளின் தொகை 33. முதல் நாள் அதே பீதி, அதே குழப்பம். பின்னர் ஆஸிம் இப்னு அம்ர் தலைமையில் தமீம் கோத்திரத்தார் நெருங்கிப்போய் அம்பாரிகளின் வார்களை அறுத்துவிட்டார்கள். மேலிருந்தவர்கள் சரிந்து விழுந்தார்கள். அம்பாரிகளைத் திருத்தவேண்டியிருந்ததால் மறுநாள் யானை வரவில்லை. அன்று முஸ்லிம்கள் ஒட்டகங்களுக்குத் துணி போர்த்திப் பாரசீகக் குதிரைகளை மிரட்டினார்களாம்! மூன்றாம் நாள் யானைகள் மீண்டும் வந்தபோது, படைத்தலைவர் ஸஃத் இப்னு அபீவக்காஸ் (ரழி) செய்ததுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். தம்மோடு சேர்ந்துவிட்டிருந்த பாரசீகரை அழைத்து, இந்த மிருகத்துக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று கேட்டார்கள். கண்ணும் துதிக்கையும் என்று பதில் வந்தது. அல்கஃகாவும் ஆஸிமும் வெள்ளை யானையின் கண்ணில் ஈட்டியைச் செலுத்த, மற்ற யானைகள் ஆற்றுப் பக்கமாகத் திரும்பி ஓடின.

குனாக்ஸா, கௌகமேலா, ஜிஸ்ர், காதிஸிய்யா நான்கும் இன்றைய ஈராக்கில் இருப்பது தற்செயலல்ல. சமவெளிதான் இந்த ஆயுதங்களை வளர்த்த தாய். அதனால்தான் ஊவாவிலிருந்துகொண்டு இதை எழுதும்போது எனக்கு ஒரு வேடிக்கை தோன்றுகிறது. நமுனுகுலைக்கும் ஹப்புத்தளைக்கும் இடையில் இருநூறு தேர் ஓட எந்த டேரியஸ் வந்து நிலத்தை மட்டப்படுத்துவான்? ரயில்கூட 1924இல்தான், தெமோதரையில் தன்னைத்தானே ஒரு வளையம் சுற்றிக்கொண்டு, பதுளைக்கு வந்துசேர்ந்தது. அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் நம் முன்னோரின் தவளமாடுகள் உப்புப்பொதியோடு ஏறிய ஒற்றையடிப் பாதைகள்தான் பாதை.

ஆனால் வரிசையை உடைக்கும் ஆயுதத்தை நம்பிய ஒரு படை இங்கேயும் வந்தது. 1630 ஓகஸ்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டீனோ டி சா, சில நூறு போர்த்துக்கேயரோடும் அவர்களைவிடப் பன்மடங்கான லஸ்கரீன்களோடும் ஊவாவுக்குள் ஏறிப் பதுளையை எரித்தார். லஸ்கரீன்கள் போர்த்துக்கேயருக்காகப் போரிட்ட உள்நாட்டுக் காலாட்கள். டி சாவை நம் வாசகர் இன்னொரு காரணத்துக்காகவும் அறிவர். 1626இல் போர்த்துக்கேயப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கொழும்பில் தளபதியாய் இருந்தவர் அவர்தான். அப்படி வந்தவர்களுக்குக் கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்து, நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான்.

பதுளையை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில், வெல்லவாயப் பக்கத்து ரந்தெனிவெலயில் கண்டிப்படை அவர்களை மறித்தது. செனரத்தின் மகன், பின்னாளில் இரண்டாம் இராஜசிங்கன் ஆனவன், அதில் இருந்தான். மழை பெய்தது. திரித் துவக்குக்கு நெருப்புத் திரி வேண்டும், உலர்ந்த மருந்து வேண்டும், இரண்டும் நனைந்தன. கொழும்பு முதலியார்கள் நால்வர் ஏற்கெனவே கண்டியோடு இரகசியமாகப் பேசி முடித்திருந்தார்கள். அவர்களோடு லஸ்கரீன்கள் மாறிக்கொள்ள, போர்த்துக்கேயரைச் சுற்றி நின்ற மதில் ஒரேயடியாக இல்லாமற்போயிற்று. டி சா அங்கேயே கொல்லப்பட்டார்.

சிறுவயதில் இதை வாப்பாவிடம் கேட்டபோது எனக்கு ஒரே மகிழ்ச்சி. நம்மை விரட்டியவனுக்கு நல்ல பாடம் என்று. இப்போது அந்த லஸ்கரீனைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். நேற்றுப் பதுளையில் அவன் கையால் தீ வைத்த கூரைகளும் இருந்திருக்கும். தளபதியின் பெயர் இருக்கிறது, முதலியார்களின் பெயர்களும் இருக்கின்றன. மழையில் நின்று, எந்தப் பக்கம் திரும்புவதென்று அந்தக் கணத்தில் முடிவெடுத்தவனுக்குப் பெயரில்லை.

1818ஐயும் இங்கே தாண்டிப்போக முடியாது. ஊவா வெல்லஸ்ஸவில் 1817இல் கிளம்பிய எழுச்சியில் வில்லும் துவக்குமாகச் சிறுசிறு கூட்டங்கள் காட்டுப்பாதைகளில் பிரித்தானியப் படையை அலைக்கழித்தன. திரண்டு நிற்காதவனை உடைக்க எந்தப் படைக்கலமும் உதவாது. ஆகவே ஆளுநர் பிரவுன்றிக்கின் படை ஆளை விட்டுவிட்டு வயலைப் பிடித்தது. நெல்லை எரித்தது, வீட்டை எரித்தது, மாட்டைக் கொன்றது. வழிவிட்டு விலகித் தப்பமுடியாத ஆயுதம் அது. அந்த எழுச்சிக்கு உடனடிக் காரணங்களிலொன்று, ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிமைப் பிரித்தானியர் அப்பகுதியில் முகாந்திரமாக நியமித்தது. முதலில் பிடிபட்டுக் கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அவரைத் தேடிப்போன பதுளை உதவி வதிவிட அதிகாரி வில்சனும் அம்பு பட்டு இறந்தார். பெரியவர்களின் தேருக்கு முன்னால் நம்மவர் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரைத் துரோகி என்பாரும் தியாகி என்பாரும் நம்மிடையே உண்டு. நான் இரண்டு பக்கமும் இல்லை.

அர்ரியனைப் படித்த பின்னர் அதே பாடசாலையில் இன்னும் இரண்டாண்டு இருந்தேன். கேள்வி கேட்ட பிள்ளை அதற்குள் படிப்பை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள். புதிய ஆண்டு ஒன்பதுக்கு இம்முறை சரியாகச் சொன்னேன். மேசைகளை ஒதுக்கி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இரண்டு பையன்களைத் தேராக ஓடிவரச் செய்து, நான் கைதட்டியதும் வரிசை பிரியவேண்டும் என்றேன். முதல் இரண்டு தடவை மோதி விழுந்தார்கள். பயத்தில் எல்லோரும் நடுவுக்குத்தான் ஓடினார்கள். மூன்றாவது தடவை பாதை திறந்தது. தேர் கரும்பலகையில் போய் முட்டி நின்றது. அப்படி உள்ளே வந்த தேர்களைப் பிடித்தவர்களில் குதிரைக்காரர்களும் இருந்தார்கள் என்று சொல்லி முடித்தேன்.

பின்வாங்கிலிருந்த ஒருவன் கையை உயர்த்தினான். நாள் முழுக்க வாய் திறக்காதவன்.

"எங்க தாத்தாவோட அப்பா இந்தத் தோட்டத்துல தொரையோட குதிரைக்காரரு சேர்."

"பேர் என்ன?" என்று கேட்டேன்.

வீட்டில் கேட்டுவந்து சொல்வதாகச் சொன்னான்.